டாக்டரம்மாவுக்காக வைத்த மருதாணி

காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைக்கச் சொன்னார் டாக்டரம்மா. நான் சேலையைக் கணுக்கால் வரைக்கும் ஏற்றிக்கொண்டு, கொஞ்சம் பெருமையாகவே வைத்தேன்.

பெருமைக்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே கருங்கல்லில் குதிகாலைத் தேய்த்துக் கழுவி, மருதாணி பறித்து, கொட்டைப்பாக்கும் எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்து அம்மியில் அரைத்து, பத்து விரலுக்கும் தொப்பி போட்டதுபோல் அப்பிக்கொண்டு படுத்தேன். காலையில் பார்த்தால் அப்படி ஒரு சிவப்பு. நாமக்கல் டவுன் டாக்டர், அதுவும் பெண் டாக்டர், முதல் தடவையாக என் காலைப் பார்க்கப் போகிறார். அழுக்குக் காலையா கொண்டுபோய்க் காட்டுவது?

டாக்டரம்மா விளக்கை இழுத்து என் வலது கால் பெருவிரலுக்கு நேராகப் பிடித்தார். வெளிச்சம் வைத்த ஒரு பூதக்கண்ணாடியை நகத்தின் மேலேயே வைத்துப் பார்த்தார். பஞ்சில் ஏதோ மருந்தை நனைத்துத் துடைத்தார். மறுபடி பார்த்தார். சிவப்பு அசையவில்லை.

"இது எப்ப வெச்சதும்மா?"

"நேத்துத்தானுங்க. உங்ககிட்ட வாரதுக்குன்னே வெச்சேனுங்க."

அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்கே முடிவாகவில்லை போல. "நான் எதைப் பார்க்கணுமோ அதை மூடி எடுத்துட்டு வந்திருக்கீங்களேம்மா" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நகச்சொத்தைக்கு மருதாணி மருந்து என்றுதானே இத்தனை வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்? மருந்து போட்டுக்கொண்டு வந்தவளை வைத்தியர் ஏன் கோபித்துக்கொள்ள வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆளுக்கொரு பெயர்

இத்தனை வாரமாக என் அங்கன்வாடிக் கதைகளைப் பொறுமையாகப் படித்தவர்கள், இந்த வாரம் இவள் என்ன காலைத் தூக்கிக் காட்டுகிறாள் என்று முகம் சுளிக்க வேண்டாம். வேலையெல்லாம் ஓய்ந்து, மலைமேல் சோளக்காடு என்கிற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் காட்டில் மிளகும் மரவள்ளியுமாக நானும் வீட்டுக்காரரும் இருக்கத் தொடங்கியபின் நடந்தது இது. கிட்டத்துக் கதைதான்.

என் வலது பெருவிரல் நகம் நெடுநாளாகவே சரியில்லை. மஞ்சள் பூத்து, தடித்து, ஓரத்தில் மாவாக உதிரும். மருதாணி வைத்தால் போய்விடும் என்பார்கள். வைத்தேன். போய்விட்டதா என்று பார்க்க வழியில்லை, சிவப்பு மறைத்துக்கொண்டிருக்கும். சிவப்பு மங்கியதும் மறுபடி வைத்துவிடுவேன். இதிலிருக்கும் கோளாறு எழுதும்போது பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்குத் தோன்றவேயில்லை.

எங்கள் ஒரே மகள் கோகிலாவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம். அந்த மும்முரத்தில் மருதாணி வைக்க விட்டுப்போய், கால் வெளுத்துக் கிடந்தது. காட்டிலிருந்து வந்து குழாயடியில் கால் கழுவும்போது பார்த்தேன். நகம் தோலோடு சேருகிற அடிப்பக்கத்தில் கறுப்பாக ஒரு திட்டு. மண் என்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். போகவில்லை. சோப்புப் போட்டேன். அதற்கும் போகவில்லை.

எப்போது வந்தது? தெரியாது. எதனால் வந்தது? அதுவும் தெரியாது. வலியில்லை, அரிப்பில்லை. மலைக்காட்டில் திரிகிறவள் காலில் தினம் ஏதாவது ஒன்று இடிக்கத்தான் செய்கிறது. எந்தக் கல்லை நினைவு வைத்துக்கொள்வது?

"ரத்தக்கட்டு, புள்ள. தானாப் போயிரும்" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு உலகத்தில் எல்லாமே தானாகப் போய்விடும். அவருடைய அக்கா பாப்பாத்தி பார்த்துவிட்டு, "சக்கரை வியாதி. காலைத்தான் மொதல்ல புடிக்கும்" என்று அடித்துச் சொன்னார். சோளக்காட்டு மெடிக்கல் கடைக்காரர் எட்டியிருந்தே பார்த்து, "பூஞ்சைங்கம்மா" என்று ஒரு டியூப் கொடுத்தார். தோலில் என்ன வந்தாலும் அவர் கொடுப்பது அந்த ஒரே டியூப்தான்.

போனில் பார்த்தேன். அது இன்னும் மோசம். ஒருவர் வினிகரில் காலை ஊறவை என்கிறார். இன்னொருவர் வினிகர் வைத்தால் வெந்துபோகும் என்கிறார். மூன்றாவதாக வந்தவர், நகத்தடியில் கறுப்பு இருந்தால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று, பின்னால் ஒரு பயங்கரச் சத்தத்தோடு சொன்னார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை.

சர்க்கரை இல்லை என்று ரத்தம் பார்த்ததில் தெரிந்தது. மெடிக்கல் டியூப் தீர்ந்துபோனது. கறுப்பு அப்படியே இருந்தது. அப்புறம்தான் நாமக்கல்லுக்குப் போவது என்று முடிவாகி, டாக்டரம்மா பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நான் மருதாணி அரைத்தேன்.

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்

டாக்டரம்மா கோபக்காரர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். நகம் தடித்து உதிர்வது பூஞ்சைக் காளானாகத்தான் இருக்கும். நுனியை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன், உறுதியானால் மாத்திரை. ஆனால் கறுப்பு வேறு விஷயம். அது காளானாலும் வரலாம். எங்காவது இடித்து உறைந்த ரத்தமாகவும் இருக்கலாம். ரொம்ப அபூர்வமாக, நகத்துக்கு அடியில் வளர்கிற கெட்ட கட்டியாகவும் இருக்கலாம்.

"எதுன்னு எப்படிங்க தெரியும்?"

"நகம் வளரும்போது கறுப்பும் கூடவே நகர்ந்து முன்னாடி வந்தா அது ரத்தக்கட்டு. பயமில்ல. நகராம அடியிலேயே நின்னா, இல்ல அகலமானா, கொஞ்சம் வெட்டி எடுத்துப் பார்க்கணும். இந்தச் சிவப்புல இப்ப ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. ரெண்டு மூணு மாசம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் கால்ல மருதாணி கூடாது. நகப்பூச்சும் கூடாது."

கால் பெருவிரல் நகம் முழுசாக வளர்ந்து மாற ஒரு வருஷத்துக்கு மேலே ஆகுமாம். எனக்குத் தெரியாது. கைநகத்தைப்போல மளமளவென்று வளரும் என்று நினைத்திருந்தேன். என் உடம்பிலேயே இவ்வளவு சோம்பேறியாக ஒரு பாகம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போ எனக்கு என்னதான் வந்திருக்கிறது என்று திரும்பவும் கேட்டேன். "தெரியலைம்மா. பொறுத்துப் பார்க்கணும்" என்றார். படித்த டாக்டரே தெரியவில்லை என்கிறாரே, இந்தப் பாப்பாத்தி அக்காவுக்கு மட்டும் எப்படி எல்லாம் தெரிகிறது என்று குழம்பிக்கொண்டே சேலையை இறக்கிவிட்டேன்.

வந்ததுதான் வந்தோம்

எழுந்திருக்கப் போகும்போது வீட்டுக்காரர், "வந்ததுதான் வந்தோம், இதையும் பாத்துருங்க டாக்டரம்மா" என்று தன் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். அவர் உள்ளங்காலில் வெகுநாளாக ஆணி. சவரம் செய்கிற பிளேடால் மாதம் ஒரு தடவை அதைச் சீவுவார். வாசற்படியில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவுவதுபோலச் சீவுவார். எனக்குக் குமட்டும்.

டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு என் மருதாணியை மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவ்வளவு திட்டு அவருக்கு. பிளேடு படவே கூடாது, கிருமி ஏறினால் காலே போகும். செருப்பு ஒரே இடத்தில் அழுத்துவதால் தோல் தடித்து ஆணியாகிறது, முதலில் செருப்பை மாற்றுங்கள், அப்புறம் ஆணிக்கென்று ஒட்டும் மருந்துப் பட்டை இருக்கிறது, அதைப் போட்டு ஊறவைத்து எடுங்கள் என்றார். வீட்டுக்காரர் தலையாட்டினார். வெளியே வந்ததும், "செருப்பு நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அங்கன்வாடியில் இருந்தபோது மழைக்காலத்தில் பிள்ளைகளின் கால்விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக வெந்து கிடக்கும். சேற்றுப்புண். வேப்பெண்ணெய் தடவி அனுப்புவேன், அடுத்த நாள் மறுபடி சேற்றில் மிதித்துக்கொண்டு வருவார்கள். துடைத்துக் காயவைப்பதுதான் பாதி வைத்தியம், அரிப்பு நின்றபிறகும் சில வாரம் களிம்பை விடாமல் போட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது, அந்தப் பிஞ்சுக் கால்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அப்போதெல்லாம் என் தோளில் எப்போதும் அழகான துண்டு ஒன்று கிடந்தது. அதால் துடைத்துவிடாமல் எண்ணெயைத்தான் தடவினேன்.

குதிகால் வெடிப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் எங்கள் மலைப் பெண்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். மிளகுக் கதிரைக் களத்தில் கொட்டிக் காலால் மிதித்துத்தான் மணி உதிர்ப்போம். வெடிப்புள்ள காலோடு மிளகு மிதித்தவளுக்குத்தான் தெரியும் அந்த எரிச்சல். வெடிப்புக்குள் காரம் ஏறி உச்சந்தலை வரைக்கும் சுரீர் என்னும். மெழுகும் தேங்காயெண்ணெயும் காய்ச்சி ஊற்றுவோம். சுடச்சுட ஊற்றி வெந்துகொண்டவர்களும் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் போகுமுன் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, பழைய சாக்ஸ் மாட்டிக்கொண்டு படுங்கள் என்றார் டாக்டரம்மா. சாக்ஸ் மாட்டிய என் காலைப் பார்த்து வீட்டுக்காரர் ஒரு வாரம் சிரித்தார். குதிகால் பட்டாகிப்போனது. நகம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

நடுவில் ஒரு கல்யாணம்

பரிசோதனையில் காளான் என்றே வந்தது. ஈரல் சரியாக இருக்கிறதா என்று ரத்தம் பார்த்து மாத்திரை தொடங்கினார்கள். நகவெட்டியைத் தனியாக வைத்தேன். செருப்பை வெயிலில் காயப்போட்டேன். காளான்தான் என்று தெரிந்ததும் கறுப்பும் காளானால்தானே என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, காளானும் இருக்கலாம், கூடவே இன்னொன்றும் இருக்கலாம் என்று பதில் வந்தது. ஒரு விரலுக்குள் இத்தனை பேர் குடியிருப்பார்களா?

கோகிலாவின் முகூர்த்தம் அந்தக் காத்திருப்புக்கு நடுவில் வந்து விழுந்தது.

கோகிலா நாமக்கல்லில் வேலை பார்த்த இடத்தில் பழக்கமானவர்தான் மாப்பிள்ளை சதீஷ். ஊர் முள்ளுக்குறிச்சி. மலையடிவாரத்தில் சொந்த நிலம் வைத்து விவசாயம் செய்கிற குடும்பம். "மலைக்காரப் பொண்ணா" என்று அவர்கள் பக்கம் முதலில் முனகினார்கள். கீழே போனால் நம் பிள்ளையை ஒரு படி இறக்கித்தான் பார்ப்பார்கள் என்று நானும் முனகினேன். கோகிலாவிடம் வாய்விட்டே சொன்னேன். அவள் அதை மறக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ருக்குமணி பெண் பார்க்க வந்தபோது காரில் கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி வந்ததில் வாந்தியெடுத்து, காபி வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். வாந்தி என்பது அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு, எங்கள் வீட்டுக் காபி ஆகாதாமே என்றுதான் பட்டது. அந்தக் கசப்பு மனதில் தங்கிவிட்டது.

கறுப்பைப் பற்றிக் கோகிலாவிடம் சொல்ல வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கினேன். எனக்குக் கெட்ட வியாதியோ என்று தெரிந்தால் அவள் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்வாள். தள்ளிப்போட்டால் கீழே உள்ளவர்கள் என்ன பேசுவார்களோ. மகளின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துவிட வேண்டும், அப்புறம் நகம் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று இருந்தேன். பயமாக இருந்தது. பயத்தை யாரிடமும் சொல்ல முடியாதது அதைவிடப் பெரிய கஷ்டமாக இருந்தது.

"காலை நீட்டு"

கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல். வீடு நிறையச் சொந்தம். கோகிலாவின் கைக்கும் காலுக்கும் மருதாணி ஆகி, மற்றப் பெண்களுக்கும் ஆகிக்கொண்டிருந்தது. வீடு முழுக்க அந்தப் பச்சை வாசனை. நான் அடுப்படியிலேயே ஒளிந்துகொண்டிருந்தேன்.

பாப்பாத்தி அக்கா விடவில்லை. "ஏனுள்ள, பொண்ணப் பெத்தவ வெறுங்காலோட மண்டபத்துல நிப்பியா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"வேலை கெடக்குதுங்க. அப்பறமா வெச்சுக்கறேன்."

"எப்ப அப்பறம்? விடிஞ்சா கல்யாணம்!"

சத்தம் கேட்டுக் கோகிலா வந்தாள். கை மருதாணி காய்ந்து உதிர்ந்திருந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "நான் வெச்சு உடறேன். காலை நீட்டும்மா."

நான் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் கை நீட்டியபடியே இருந்தது.

"எனக்கு வேண்டாம் கண்ணு."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். "உனக்கு இந்தக் கல்யாணம் புடிக்கலைன்னு எனக்குத் தெரியும். ரெண்டு மாசமா ஒரு வாய் ஒழுங்காச் சாப்புடல. துணி எடுக்கப் போனா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கற. புடிக்கலைன்னா நேராச் சொல்லியிருக்கலாமில்ல? நாளைக்கு எல்லார் முன்னாடியும் வெறுங்காலோட நின்னு காட்டோணுமா?"

நான் எதை எதிர்பார்த்திருந்தாலும் இதை எதிர்பார்க்கவில்லை. நான் நகத்தை மறைத்தேன். அவள் வேறு எதையோ கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். இனி மறைத்து என்ன செய்ய? சேலையை விலக்கிக் காலை நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பதுவரை சொன்னேன்.

கோகிலா அந்த நகத்தையே பார்த்தாள். "இதுக்கா?" என்றாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஓவென்று அழுதாள். "எங்கிட்டச் சொல்லாம யாருகிட்டம்மா சொல்லுவ?" என்று என் முழங்காலில் அடித்தாள். நானும் அழுதேன். மருதாணிக் கிண்ணம் கவிழ்ந்தது.

கல்யாணத்தை நிறுத்துகிறேன் என்றுதான் முதலில் சொன்னாள். நிறுத்தினால் நான் சோறு தின்ன மாட்டேன் என்றேன். ஒருவழியாக அடங்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் காலைத் திரும்பவும் பார்த்தாள்.

"அந்த ஒரு வெரலுக்குத்தான வெக்கக் கூடாது? மத்த ஒம்போதுக்கும் வெச்சா என்ன?"

எனக்கு அது தோன்றவேயில்லை! டாக்டரம்மா காலில் மருதாணி கூடாது என்றார், நான் பத்து விரலையும் பட்டினி போட்டிருந்தேன். கோகிலா தரையிலிருந்து வழித்தெடுத்து ஒன்பது விரலுக்கும் வைத்துவிட்டாள். காலையில் பார்த்தபோது ஒன்பதும் செக்கச்செவேல் என்றிருக்க, நடுவே அந்த ஒன்று மட்டும் மஞ்சளும் கறுப்புமாக முன்னைவிட இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

மண்டபத்தில்

முள்ளுக்குறிச்சியில் மண்டபம். மேடையில் செருப்பில்லாமல்தான் நிற்க வேண்டும். நான் சேலையைத் தழையத் தழைய இறக்கிக் கட்டி, தடுக்கி விழாத குறையாக நடந்துகொண்டிருந்தேன்.

சம்மந்தி ருக்குமணி என் பக்கத்தில் வந்து நின்றார். தற்செயலாகக் கீழே பார்த்தேன். அவருடைய வலது பெருவிரலில் மருதாணி இல்லை. மற்ற ஒன்பதிலும் இருந்தது. எனக்குத் தலை சுற்றுகிறதோ என்று நினைத்தேன். அவருக்குப் பின்னால் அவருடைய தங்கை. அவருக்கும் அப்படியே. அதற்குப் பின்னால் நின்ற, அந்தத் தங்கையின் இரண்டு மருமகள்களுக்கும் அப்படியே.

நான் முழிப்பதைப் பார்த்துச் சம்மந்தி, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி உரக்கவே சொன்னார்: "உங்க மலைப்பக்கத்து வழக்கப்படியே நாங்களும் வெச்சிருக்கறமுங்க சம்மந்தி. பெருவெரலு உட்டுத்தான வெப்பீங்க?"

என்ன வழக்கம்? யாருடைய வழக்கம்? கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் பாப்பாத்தி அக்கா முன்னால் வந்து நின்றார். முந்தின நாள் என்னை அந்தப் பாடு படுத்தியவர்தான். "ஆமாங்க. எங்க பக்கம் ஆதியிலிருந்தே அப்படித்தானுங்க" என்றார். அவருடைய பத்து விரலும் சிவந்திருந்தன. அதை யாரும் பார்க்கவில்லை.

நாதஸ்வரம் உயர்ந்தது. தாலி ஏறியது. கோகிலா நிமிர்ந்து முதலில் என்னைத்தான் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் குழப்பமும் ஒன்றாக வந்ததில் அட்சதையைப் போட மறந்து கையிலேயே வைத்திருந்தேன். என் கால் நகத்தைக் கோகிலா அவசரத்தில் ஏதோ வழக்கமென்று சொல்லிச் சமாளித்திருப்பாள், பாவம் இந்தம்மா அதை நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தப்பான சேதியை நம்பி, எங்களுக்கு மரியாதை செய்ய வேண்டுமென்று ஒரு குடும்பமே விரலை வெறுமையாக விட்டிருக்கிறது. உண்மையைச் சொல்லலாமா கூடாதா என்று எனக்குப் பிடிபடவில்லை. சொல்லாமலே விட்டுவிட்டேன்.

கல்யாணம் கழிந்து டாக்டரம்மாவிடம் போனோம். இந்தத் தடவை கோகிலாவும் வந்தாள். டாக்டரம்மா விளக்கை இழுத்து நகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நகத்தின் அடியில் புதிதாக, சுத்தமாக ஒரு கீற்று வளர்ந்திருந்தது. கறுப்பு அதற்கு முன்னால் நகர்ந்து போயிருந்தது. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டு, "ரத்தக்கட்டுதாம்மா. கெட்டதில்ல. காளான் மாத்திரையை மட்டும் விடாம சாப்பிடுங்க" என்றார்.

"நாந்தான் அன்னைக்கே சொன்னனே" என்றார் வீட்டுக்காரர். அவரை அடிக்கக் கை ஓங்கினேன், சிரிப்பு வந்துவிட்டது. எங்கே இடித்துக்கொண்டேன் என்பது இன்று வரை தெரியாது. அன்றைக்குச் சோளக்காட்டில் இறங்கி, கடையில் இரண்டு பலாச்சுளை வாங்கி நின்றபடியே தின்றேன். அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் நாக்குக்கு ருசி தெரிந்தது.

வளைகாப்பு

அடுத்த வருஷம் கோகிலாவுக்கு வளைகாப்பு. சம்மந்தி வீட்டில் வைத்தார்கள். அதற்குள் நகம் முக்கால்வாசி தெளிந்து, மிச்சமிருந்ததையும் வெட்டி எடுத்தாகிவிட்டது. இனி மருதாணி வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் பெண்கள் கூடி உட்கார்ந்தபோது, நான் ஆசையோடு முதலில் அந்த வலது பெருவிரலுக்குத்தான் கொண்டுபோனேன்.

"ஐயோ பெரீம்மா, அந்த வெரலு வேண்டாங்க! நம்ம வழக்கமில்லீங்களா?" என்று சம்மந்தி தங்கையின் மருமகள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

நம்ம வழக்கம்! கை நிறைய மருதாணியோடு விழித்தேன். சுற்றிப் பார்த்தால் அத்தனை பேரும் அந்த விரலை விட்டுத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு மேலும் தாங்காது என்று எழுந்து, சமையற்கட்டில் தனியாக இருந்த சம்மந்தியிடம் போனேன்.

"ஒண்ணு சொல்லோணுமுங்க சம்மந்தி. எங்க பக்கம் அப்படி ஒரு வழக்கமே கெடையாதுங்க. எனக்கு நகத்துல ஒரு கோளாறு. அதனால அன்னைக்கு…"

"தெரியுமுங்க" என்றார் சம்மந்தி.

அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கல்யாணத்துக்கு மொத நாளு கோகிலா எம் பையன்கிட்டப் போன்ல அழுதிருக்கறா. அவன் எங்கிட்ட வந்து சொன்னான். அதுக்கு முன்னயே எங்க சனத்துல, பொண்ணோட அம்மாவுக்கு இது இஷ்டமில்லையாமான்னு பேச்சு ஓடிட்டிருந்துச்சுங்க. நாளைக்கு உங்க காலைப் பாத்தா அதையும் சேத்துப் பேசுவாங்க. அதான், அவிங்க பக்கத்து வழக்கம் அப்படின்னு நானே எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சேன்."

இத்தனை நாள் அவரை ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்து நான் பட்ட கூச்சம் என்னாவது? ஏமாந்தது நான்தானா? அவருடைய காலைப் பார்த்தேன். அன்றைக்கும் வலது பெருவிரல் வெறுமையாகத்தான் இருந்தது.

"அது அன்னைக்குச் சரிங்க. இப்பவும் ஏனுங்க உட்டிருக்கறீங்க?"

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "கெட்ட வியாதியா இருக்குமோன்னு பையன் சொன்னப்ப எனக்குப் பயமாப் போச்சுங்க. உங்க நகம் முழுசா நல்லாகற வரைக்கும் நானும் அதுல மருதாணி வெக்கறதில்லைன்னு வேண்டிக்கிட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "நல்லாயிருச்சுங்களா?"

தலையை ஆட்டினேன். அவரை அங்கேயே முக்காலியில் உட்கார வைத்து, கூச்சப்பட்டு இழுத்த காலை விடாமல் பிடித்து, கையிலிருந்த மருதாணியை அவருடைய பெருவிரலில் வைத்தேன்.